‘இங்கேயே இரு’ என்று கர்த்தர் சொன்னதாக நம்பினேன்; இப்போது வேலையே போய்விட்டது

கேள்வி:

எனக்கு வயது 46. ஒரே நிறுவனத்தில் 17 ஆண்டுகள் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். போன வருஷம் வேறொரு இடத்திலிருந்து நல்ல வேலைக்கு அழைப்பு வந்தது. மூன்று நாள் உபவாசித்து ஜெபித்தேன். ‘இங்கேயே இரு’ என்று மனதில் ஒரு சமாதானம் வந்தது, மறுத்துவிட்டேன். மூன்று வாரத்துக்கு முன்பு எங்கள் பிரிவையே மூடி, ஒரே நாளில் கையில் கடிதம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. காலையில் வழக்கம்போல் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன், சாயங்காலம் திரும்புகிறேன். சபையில் நான் பொருளாளர். அங்கே இரண்டு பேருக்கு மட்டும் விஷயம் தெரியும். ஒருவர், ‘உங்களுக்குள் ஏதோ மறைவான பாவம் இருக்கிறது, ஆராய்ந்து பாருங்கள்’ என்கிறார். மற்றவர், செட்டில்மெண்ட் பணத்தைப் போட்டுத் தன் தொழிலில் பங்குதாரராகச் சேரச் சொல்கிறார். ‘இது கர்த்தர் திறந்த வாசல்’ என்கிறார். பத்து நாளில் பதில் சொல்ல வேண்டுமாம். ஜெபிக்க முழங்காலிட்டால் வாயில் வார்த்தை வருவதில்லை. கர்த்தருடைய சத்தத்தை நான் தவறாகக் கேட்டுவிட்டேனா? இப்போது என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ‘இது ஏன் நடந்தது, கர்த்தர் இதில் என்ன சொல்ல வருகிறார்’ என்பது ஒன்று. ‘இன்று நான் என்ன செய்வது’ என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை தெரிந்தால்தான் இரண்டாவதில் கைவைக்க முடியும் என்று நினைத்து மூன்று வாரமாக நின்ற இடத்திலேயே நிற்கிறீர்கள். வேதத்தில் பெரும்பாலும் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. யோசேப்பு விற்கப்பட்டபோது வயது 17. ‘உங்களுக்கு முன்னே தேவன்தான் என்னை அனுப்பினார்’ என்று சகோதரர்களிடம் அவர் சொன்னபோது, வேதத்தில் உள்ள கணக்குப்படி ஏறக்குறைய 39. இடைப்பட்ட 22 ஆண்டுகளில் அர்த்தம் தெரிந்து அவர் நடக்கவில்லை. போத்திபாரின் வீட்டுக் கணக்கைப் பார்த்தார், சிறைச்சாலையில் கைதிகளைப் பார்த்துக்கொண்டார், கையில் கிடைத்த வேலையைச் செய்தார். யோபுவுக்கோ, தன் துன்பத்துக்குப் பின்னால் பரலோகத்தில் நடந்த பேச்சு கடைசிவரை சொல்லப்படவே இல்லை. ஆகவே ‘ஏன்’ என்பதை இப்போதைக்கு எடுத்து வையுங்கள். கேட்கக் கூடாது என்பதில்லை, சங்கீதக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். அது கிடைக்கும்வரை மற்றதெல்லாம் காத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

முதல் வேலை இன்று ராத்திரியே செய்ய வேண்டியது. மனைவியிடம் சொல்லிவிடுங்கள். சபையில் இரண்டு பேருக்குத் தெரிந்த செய்தி மூன்றாவது ஆள் வழியாக அவர் காதுக்குப் போக அதிக நாள் பிடிக்காது. அப்படிப் போய்ச் சேர்ந்தால் வேலை போன துக்கத்தைவிட அந்தக் காயம் ஆழமாக இருக்கும். பிள்ளைகள் தூங்கிய பிறகு, போனை அணைத்துவிட்டு உட்காருங்கள். என்ன நடந்தது, எத்தனை நாளாக மறைத்தீர்கள், கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்ற மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். ‘மூன்று வாரத்துக்கு முன்பு வேலை போய்விட்டது. உன்னிடம் சொல்லப் பயந்தேன். தினமும் கிளம்பிப் போனது பொய். அது என் தப்பு’ என்கிற அளவு போதும்.

இதில் பலர் சறுக்குவது இரண்டு இடத்தில். பாதியைச் சொல்லி, ‘கொஞ்ச நாள் லீவு, மாற்றல் வரலாம்’ என்று மீதியை மூடுவது ஒன்று. அடுத்த மாதமே அது வெளியே வரும், இரண்டாவது பொய்யாக வரும். மற்றது, செய்தியை வசனத்தில் சுற்றிக் கொடுப்பது. ‘எல்லாம் கர்த்தருடைய சித்தம்’ என்று ஆரம்பித்தால் மனைவிக்குக் கோபப்படக்கூட இடமில்லாமல் போகும். கோபம் வரும், வரட்டும். பெரும்பாலும் அது வேலைக்காக இருக்காது, அந்த மூன்று வாரக் காலைகளுக்காக இருக்கும். அன்றைக்கே மன்னிப்பை வாங்கிவிட வேண்டும் என்று அவசரப்படுத்தாதீர்கள். தொழிலில் சேரும் பேச்சை அந்த இரவில் எடுக்கவே எடுக்காதீர்கள்.

அடுத்தது அளவெடுப்பது. அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தை இந்த வாரம் நிதானமாக வாசியுங்கள். எதிர்பாராத ஒன்றில் மாட்டிக்கொண்டவன் என்னென்ன செய்ய வேண்டும் என்பதற்கு வேதத்தில் இதைவிட விவரமான பகுதி இல்லை. கைதியாகப் பவுல் போன கப்பல் புயலில் மாட்டிக்கொள்கிறது. கப்பலில் 276 பேர். பல நாளாகச் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. அதாவது அந்தக் காலத்து மாலுமிக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று அறிய வழியே இல்லை. பதினாலாம் இராத்திரி, நடுச்சாமத்தில், கரை கிட்டுகிறதுபோல் தோன்றுகிறது. அவர்கள் செய்த முதல் காரியம் விழுது, அதாவது ஆழம் பார்க்கும் கயிறு, விட்டுப் பார்த்தது. 20 பாகம். ஒரு பாகம் என்பது ஏறக்குறைய ஆறடி, விரித்த இரு கைகளின் நீளம். சற்று அப்புறம் போய் மறுபடியும் விட்டார்கள், 15 பாகம். முதல் அளவு ஆழத்தைச் சொல்லும். இரண்டாவது அளவுதான் கப்பல் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகப் போகிறது என்று சொல்லும்.

உங்களுக்கும் இரண்டு அளவுகள் வேண்டும். ஒரு தாளில் கையில் உள்ள பணத்தை எழுதுங்கள். செட்டில்மெண்ட் பணமும், உடனே எடுக்கக்கூடிய சேமிப்பும் மட்டும். வீடு, நகை, முடிவு காலம் வராத வைப்பு எதையும் சேர்க்காதீர்கள். பிறகு மாதச் செலவு: நிறுத்த முடியாதவை, குறைக்க முடிந்தவை, நிறுத்திவிடக்கூடியவை என்று மூன்று பத்தி போடுங்கள். கணக்குப் பிரிவில் இருந்தவர்கூட சொந்த வீட்டுக் கணக்கில் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. வருஷத்துக்கு ஒரு முறை வரும் காப்பீட்டுத் தவணையும் பள்ளிக் கட்டணமும் வரியும் மாதச் செலவில் ஏறுவதில்லை. அவற்றை 12ஆல் வகுத்து, நிறுத்த முடியாத பத்தியில் சேருங்கள். அந்தப் பத்தியும் குறைத்த பிறகு மிஞ்சும் செலவும் சேர்ந்த தொகையால் கையிருப்பை வகுத்தால் எத்தனை மாதம் என்று வரும். அதில் ஒரு மாதத்தைக் கழித்துவிடுங்கள், மருத்துவச் செலவுபோல ஏதாவது ஒன்று குறுக்கே வரும். ஒன்பது மாதம் என்று வந்தால் எட்டு என்று வைத்துத் திட்டமிடுங்கள். மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து போடவேண்டிய கணக்கு இது. அடுத்த மாதம் அதே தேதியில் திரும்பப் போடுங்கள். எட்டு ஏழாக இறங்கியிருந்தால் திட்டம் சரி. ஆறாக இறங்கியிருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது, அடுத்த அளவுவரை காத்திராமல் தேடிப் பிடியுங்கள்.

விழுது விட்டபின் அவர்கள் பின்னணியத்திலிருந்து, அதாவது கப்பலின் பின்பக்கத்திலிருந்து, நான்கு நங்கூரங்களைப் போட்டு, பொழுது எப்போது விடியுமோ என்று காத்திருந்தார்கள். நங்கூரத்தை வழக்கமாக முன்னணியத்திலிருந்துதான் போடுவார்கள். அப்படிப் போட்டிருந்தால் காற்று கப்பலைத் திருப்பி, கரைக்கு முதுகு காட்ட வைத்திருக்கும். பின்னாலிருந்து போட்டதால் முகப்பு கரையை நோக்கியே நின்றது. வெளிச்சம் வந்ததும் வடத்தை விட்டுவிட்டு நேராகப் போகலாம். காத்திருப்பதிலும் எந்தத் திசை பார்த்துக் காத்திருக்கிறோம் என்பது இருக்கிறது.

உங்கள் நிலையில் அந்த நங்கூரங்கள் சாதாரணமான காரியங்கள்தான். அனுபவச் சான்று, விடுவிப்புக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டுகள், செட்டில்மெண்ட் கணக்கு விவரம் ஆகியவற்றை இந்த வாரமே நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிரிவை மூடும்போது உங்களை அறிந்த அலுவலர்களும் கலைந்துபோவார்கள், ஆறு மாதம் கழித்துக் கேட்டால் கையெழுத்துப் போட ஆள் இருக்காது. நிறுவனம் கொடுத்துவந்த மருத்துவக் காப்பீடு எந்தத் தேதியோடு முடிகிறது என்று கேளுங்கள். அநேகர் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போதுதான் அது முடிந்துவிட்டது என்று அறிகிறார்கள். வீட்டுக் கடன் இருந்தால், ஒரு தவணைகூடத் தவறுமுன் வங்கியிடம் போய்ச் சொல்லுங்கள். தவறுவதற்கு முன்பு போகிறவனிடம் காலத்தை நீட்டித் தரும் பேச்சு நடக்கும். தவறிய பின்பு போகிறவனிடம் வசூல் பேச்சுதான் நடக்கும்.

இப்போது உங்களை உறுத்திக்கொண்டிருக்கும் கேள்விக்கு வருகிறேன். சத்தத்தைத் தவறாகக் கேட்டீர்களா? வழிநடத்துதல் என்பதை நம்மில் பலர் முன்னறிவிப்பாக எடுத்துக்கொள்கிறோம். ‘இங்கே இரு’ என்றால் இங்கே ஒன்றும் நடக்காது என்று பொருள் கொள்கிறோம். பவுலுக்குத் துரோவாவில் தரிசனம் வந்தது. அதைவிடத் தெளிவான அழைப்பை யாரும் கேட்க முடியாது, மக்கெதோனியா மனுஷன் ஒருவன் நின்று ‘வந்து உதவிசெய்ய வேண்டும்’ என்கிறான். கடல் தாண்டிப் போனார்கள். பிலிப்பியில் கிடைத்தது பிரம்படி, உட்காவலறை, கால்களுக்குத் தொழுமரம். தரிசனம் தவறா? அந்த அதிகாரத்தில் யாரும் அப்படி நினைக்கவில்லை. கப்பல் அதிகாரத்திலும் பாருங்கள். தேவதூதன் மூலம் பவுலுக்குக் கிடைத்த வாக்கு மிகத் துல்லியமானது, கப்பலுக்குச் சேதம், உயிருக்குச் சேதமில்லை. கப்பல் உடையாது என்று யாரும் வாக்களிக்கவில்லை. உடைந்தது, நீந்தியும் பலகைகளைப் பிடித்துக்கொண்டும் எல்லாரும் கரையேறினார்கள்.

ஆகவே போன வருஷ முடிவை இந்த வருஷ விளைவை வைத்து எடைபோடாதீர்கள். அன்றைக்குத் தெரிந்ததை வைத்து எடைபோடுங்கள். நிறுவனத்தின் நிலைமையை அன்று விசாரித்தீர்களா? மனைவியிடமும், உங்களை அறிந்த ஒன்றிரண்டு பேரிடமும் கலந்தீர்களா? புதிய இடத்தின் நன்மை தீமையை எழுதிப் பார்த்தீர்களா? செய்திருந்தால் அது நல்ல முடிவுதான், கெட்ட விளைவு வந்தாலும் நல்ல முடிவுதான். செய்யவில்லை என்றால் இன்னொன்றையும் நேர்மையாகப் பாருங்கள். 17 வருஷம் ஒரே நாற்காலியில் இருந்தவருக்கு, ‘போகவேண்டாம்’ என்று முடிவெடுத்ததும் வருகிற நிம்மதியில் மாற்றத்தைப் பற்றிய பயம் அடங்கிய ஆறுதலும் கலந்திருக்கும். அதைச் சமாதானம் என்று பெயரிட்டிருக்கலாம். அப்படியே இருந்தாலும் அது தண்டனைக்குரிய குற்றமாகிவிடாது, அடுத்த முறைக்கான பாடம். ‘ஆண்டவருக்குச் சித்தமானால்’ என்று சொல்லும்படி யாக்கோபு தன் நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தில் எழுதினது, நாளைக்கு நடப்பது நமக்குத் தெரியாது என்பதால்தான்.

‘மறைவான பாவம்’ என்ற சகோதரருக்கு நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று பதிலும் சொன்னார். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்ல சிநேகிதர்களாக இருந்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொன்ன பிறகுதான் கர்த்தர் அவர்கள்மேல் கோபங்கொண்டார். உங்கள் பிரிவில் வேலை இழந்தவர் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லையே, எல்லாருடைய மறைவான பாவமும் ஒரே நாளில் கணக்கு முடிந்ததா? இதை அவரிடம் வாதாட வேண்டாம். ‘எனக்காக ஜெபியுங்கள். காரணம் தேடுவதை நானும் கர்த்தரும் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள்.

வார்த்தை வராத ஜெபத்துக்கு 13ஆம் சங்கீதம். ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் ‘எதுவரைக்கும்’ என்று நான்கு முறை கேட்கிறான். அடுத்த இரண்டில் வேண்டியதைக் கேட்கிறான். கடைசி இரண்டில்தான் நம்பிக்கை வருகிறது. இதையே அச்சாக வைத்துக் கையால் எழுதுங்கள், பத்து நிமிஷம் போதும். ‘எதுவரைக்கும்’ என்று தொடங்கும் நான்கு வரிகளை உங்கள் சொந்த விவரத்தோடு எழுதுங்கள். ‘எதுவரைக்கும் வாசலில் பையோடு நடிப்பேன்’ என்பதுபோல, பொதுவாக இல்லாமல். பிறகு இரண்டு வேண்டுதல். கடைசியில், முன்பு ஒரு நாள் கர்த்தர் செய்த ஒரு நன்மை. எழுதியதைச் சத்தமாக வாசியுங்கள். கடைசி வரி வராத நாளில் வெறுமையாக விட்டுவிடுங்கள். 88ஆம் சங்கீதம் முதல் வசனத்தில் ‘இரட்சிப்பின் தேவன்’ என்று கூப்பிட்டதோடு சரி, முடிவுவரை ஆறுதல் இல்லாமலே முடிகிறது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

சரீரத்தையும் விட்டுவிடாதீர்கள். சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று கேட்ட எலியாவுக்குத் தூதன் கொடுத்தது சுட்ட அடையும் தண்ணீரும், பிறகு தூக்கம், மறுபடியும் சாப்பாடு. ‘இங்கே உனக்கு என்ன காரியம்’ என்ற கேள்வி வந்தது 40 நாள் கழித்துத்தான். உங்களுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் நாள் பார்க்க வேண்டாம், அன்றைக்கே மனைவியிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது, எலியாவுக்கு வந்ததுதான்.

அந்தப் பத்து நாள் கெடுவைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். சேராதீர்கள், இந்தப் பத்து நாளில் சேராதீர்கள். புயலில் படகை இறக்கித் தப்பப் பார்த்த மாலுமிகளும் ஒரு வாசல் திறந்ததாகத்தான் நினைத்திருப்பார்கள். சேவகர்கள் அந்தப் படகின் கயிற்றை அறுத்துவிட்டார்கள். மனம் இருண்டிருக்கும் வேளையில், முன்பு தெளிவாக எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்பது 16ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் துறவி லொயோலா இஞ்ஞாசியார் எழுதிவைத்த விதி. எந்தச் சபையினருக்கும் பொருந்தும். கிதியோனைப்போல், அடையாளம் கேட்டு ஆட்டுத்தோலைப் போட்டுப் பார்க்கவும் வேண்டாம். கிதியோனுக்குக் கட்டளை ஏற்கெனவே தெளிவாகக் கிடைத்திருந்தது. தோல் அவனுடைய பயத்துக்காகப் போடப்பட்டது, சித்தத்தைக் கண்டுபிடிக்க அவன் அதைப் போடவில்லை.

நீங்கள் கணக்கர். முன்பின் தெரியாத ஒருவர் இதே பேச்சோடு வந்தால் என்ன கேட்பீர்களோ அதையே சபைச் சகோதரரிடமும் கேளுங்கள். மூன்று வருஷக் கணக்கு, வரி கட்டிய தாள்கள், நிலுவைக் கடன் பட்டியல், காசோலையில் யார் கையெழுத்து, நீங்கள் விலகினால் பணம் எந்தத் தேதியில் எந்தக் கணக்குப்படி திரும்பும். சாதாரணப் பங்குத் தொழிலில் தொழிலின் கடனுக்குப் பங்குதாரர் தம் சொந்தச் சொத்தோடு பொறுப்பாக வேண்டியிருக்கும், போட்ட பணத்தோடு நிற்காது. ‘விசுவாசிகளுக்குள் தாள் எதற்கு’ என்று பதில் வந்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. தாள்கள் வந்தாலும் மூன்று மாதம் கழித்து, மனைவியும் சம்மதித்து, எட்டு மாதச் செலவுக்கு வைத்ததைத் தொடாமல் மீதி இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

காலையில் பையோடு கிளம்பும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது, அதை மெய்யாக்கிவிடுங்கள். தினம் நான்கு மணி நேரம் வேலை தேடுவதற்கு. ‘ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்’ என்று பத்துப் பேரிடம் சொல்வதில் பயன் குறைவு, கேட்டவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. ராஜா ‘நீ கேட்கிற காரியம் என்ன’ என்றதும் நெகேமியா மனதுக்குள் ஜெபித்துவிட்டு, எந்த அதிபதிகளுக்குக் கடிதம் வேண்டும், யாரிடமிருந்து மரம் வேண்டும், எத்தனை காலம் என்று சொன்னார். நீங்களும் அப்படியே கேளுங்கள்: ‘இந்த நிறுவனத்தின் கணக்கு மேலாளரை உங்களுக்குத் தெரியும், ஒரு அறிமுகம் மட்டும் செய்து கொடுங்கள்.’ நேர்காணலில் ‘பிரிவை மூடிவிட்டார்கள், 17 வருஷம் இருந்தேன்’ என்று இரண்டே வாக்கியம் சொல்லி, செய்த வேலைக்குப் போய்விடுங்கள். பழைய இடத்தைக் குறைசொல்ல ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் அதைத்தான் ஞாபகம் வைத்திருப்பார்.

காணிக்கை கொடுக்க முடியாத குற்ற உணர்வும் இருக்கும் என்று ஊகிக்கிறேன். 2 கொரிந்தியர் 8:12ஐ வாசியுங்கள். இல்லாததின்படி அல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும்.

கடைசியாக, பொருளாளர் பொறுப்பு. நீங்கள் இதைக் கேட்கவில்லை, ஆனாலும் அவசரமானது. வருமானம் நின்றுபோன ஒருவர் சபைப் பணத்தைத் தனியாகக் கையாள்வது அவருக்கே ஆபத்து. ஒரு தவணை நெருக்கும் மாதத்தில் ‘அடுத்த வாரம் வைத்துவிடலாம்’ என்ற எண்ணம் நல்லவர்களுக்கும் வரும். வராவிட்டாலும், விஷயம் வெளியே தெரிந்ததும் யாராவது சந்தேகப்படுவார்கள். எருசலேமுக்குக் கொண்டுபோன காணிக்கையில் தன்மேல் ஒருவனும் குற்றம் சொல்லாதபடிக்கு, பவுல் அதைச் சேர்க்கத் தீத்துவையும், சபைகள் நியமித்த சகோதரனையும் அனுப்பினார். மனைவியிடம் பேசிய மறுநாளே ஆயரிடம் போய் நிலைமையைச் சொல்லுங்கள். இன்றைய தேதிவரை கணக்கை முடித்து, வங்கி இருப்போடும் கைரொக்கத்தோடும் ஒத்துப் பார்த்து, இரண்டு பேர் முன்னிலையில் எண்ணிக் கையெழுத்து வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு வேறொருவர் பார்க்கட்டும். சபை சம்மதிக்காவிட்டால், இனி எந்தக் காசோலையும் இரண்டு கையெழுத்தில்லாமல் போகாது என்று குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒப்படைத்த பட்டியலின் ஒரு நகலை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.